ஆர்மரர் பதில்கள்: பம்ப் துப்பாக்கிக்கு எந்தக் கட்டை?

ராணுவத்தில் இ.எம்.இ. என்ற பழுதுபார்க்கும் பிரிவில் 22 ஆண்டு ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவராக இருந்துவிட்டு, சேலத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் பழுதுப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கட்டையை, அதாவது துப்பாக்கியைத் தோளில் வைக்கும் பின்பகுதியை மாற்றுவதைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போகிறேன். சேலம், ஓமலூர், மேட்டூர் என்று நாள் முழுக்க வண்டியிலேதான் இருக்கிறேன். என் பெயரில் லைசென்ஸோடு, முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ஒரு 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி இருக்கிறது, மரக்கட்டை போட்டது. என் உயரம் 5 அடி 4 அங்குலம். புல்லட் புரூஃப் சட்டைக்கு மேல் தோளில் வைத்தால் கட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, வண்டிக்குள் திருப்பவும் சிரமம். யூடியூபில் துப்பாக்கிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு அடாப்டரை வைத்து எம்-4 ரைபிள் மாதிரி இழுத்து நீட்டும் கட்டை போடுகிறார்கள். எனக்கு எந்த அடாப்டர் சரி?
— ஆத்தூர் வாசகர்

பதில்: தம்பி, அடாப்டரைத் தேடுவதற்கு முன்னால் உங்களை அளக்க வேண்டும். முழங்கையை மடக்கி, ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வைப்பதுபோல நீட்டுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து விரலின் முதல் கணு வரைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். துப்பாக்கியில் ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முக நடு வரைக்கும் உள்ள நீளம் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். கம்பெனிக் கட்டைகள் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். அது ஐந்தே முக்கால் அடி, ஆறடி ஆளுக்குப் போட்ட கணக்கு. உங்கள் உயரத்துக்கு 13 அங்குலம் போதும். மேலே கனமான சட்டை போட்டால் இன்னும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் குறைக்க வேண்டியிருக்கும். தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று நீங்கள் சொல்வது இந்த ஒன்றரை அங்குலத்தைத்தான்.

அந்த ஒன்றரை அங்குலத்தைக் குறைக்க அடாப்டர்தான் வேண்டும் என்பதில்லை. உங்களுடையது மரக்கட்டை. பின்னால் அளந்து அறுத்து, மெல்லிய ரப்பர் பேடு ஒன்று வைத்தால் அரைநாள் வேலை. அறுத்த துண்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். நாளைக்கு உயரமான மகனுக்குத் துப்பாக்கி போனால் அதையே திரும்ப ஒட்டித் தர முடியும். என்னிடம் வந்த காவலர்களில் பாதிப் பேருக்கு இதோடு குறை தீர்ந்துவிட்டது.

உங்களுக்கு வண்டிச் சிக்கலும் சேர்ந்திருப்பதால், இழுத்து நீட்டும் கட்டை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அடாப்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், பம்ப் ஆக்‌ஷன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ரெமிங்டன் 870 என்பது 1950-இல் வந்த மாடல், உடல் (ட்ரிகருக்கு மேலே உள்ள நடுப்பகுதி) எஃகு. மோஸ்பெர்க் 500 அதற்குப் பத்து வருடம் பின்னால் வந்தது, உடல் அலுமினியக் கலவை. இரண்டிலும் கட்டையின் நடுத்துளை வழியாக ஒரு நீள போல்ட் போய் உடலின் பின்பக்கத்தைப் பிடிக்கிறது. ஆனால் உடலின் பின்முக வடிவம் வேறு, கட்டை உட்காரும் விதம் வேறு. ஒன்றுக்குச் செய்த அடாப்டர் மற்றதில் உட்காராது. விற்கிறவர் “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் நாட்டுத் தயாரிப்போ வேறு ஏதாவதோ, கட்டையைக் கழற்றிப் பின்முகத்தையும் மரையையும் கையில் வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கத் துப்பாக்கியில் அங்குல மரை இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கடையில் கிடைக்கிற 6 மி.மீ. போல்ட்டை அதில் போட்டால் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். இறுகியதை வலுக்கட்டாயமாகத் திருகினால், அலுமினிய உடலாக இருந்தால் மரை மொத்தமும் போய்விடும். அப்படி வந்த ஒன்றைச் சரிசெய்ய எனக்கு மூன்று நாள் ஆனது.

இரண்டாவது, தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் சேஃப்டி எங்கே இருக்கிறது என்பது. இதை யாருமே முதலில் கேட்பதில்லை. 870-இல் சேஃப்டி ட்ரிகர் கார்டின் பின்பக்கத்தில் குறுக்கே அழுத்தும் பொத்தான். பிஸ்டல் பிடி போட்ட கட்டையாக இருந்தாலும் ஆள்காட்டி விரல் அதைத் தொட்டுவிடும். மோஸ்பெர்க் 500-இல் சேஃப்டி உடலின் மேல்முதுகில், கட்டைவிரலால் தள்ளுகிற இடத்தில் இருக்கிறது. சாதாரணக் கட்டையில் அதைவிட வசதி கிடையாது, வலது கை, இடது கை இரண்டுக்கும் ஒன்றுதான். அதே துப்பாக்கிக்கு அடாப்டர் போட்டுப் பிஸ்டல் பிடியைத் தொங்கவிட்டால் கை கீழே இறங்கிவிடும், கட்டைவிரல் மேலே எட்டாது. சேஃப்டியை எடுக்க ஒவ்வொரு முறையும் பிடியை விட்டுப் பிடிக்க வேண்டும். காவல் வேலையில் அந்த ஒரு நொடியை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்கள் துப்பாக்கியில் சேஃப்டி மேல்முதுகில் இருந்தால் பிஸ்டல் பிடி அடாப்டர் வேண்டவே வேண்டாம். நீளம் கூட்டிக் குறைக்கத் தகடு வைத்துக்கொள்கிற சாதாரண வடிவப் பைபர் கட்டை போதும்.

மூன்றாவது கண் உயரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் தவறியிருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு வங்கிக் காவலருக்கு இதே போல் அடாப்டர் வைத்து, குழலும் அடாப்டரும் கட்டையும் ஒரே கோட்டில் வருகிற மாதிரிப் பொருத்திக் கொடுத்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து வருடாந்திரச் சுடும் பயிற்சி முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். “அண்ணே, எல்லாம் மேல போகுது” என்றார். மனுஷன் நல்ல சுடுகாரர், ராணுவத்தில் பதக்கம் வாங்கியவர். துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா அறையையும் மேகசின் குழாயையும் விரல் விட்டுப் பார்த்து, என் வீட்டுப் பீரோ கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தித் தோளில் வைக்கச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கன்னம் கட்டையில் பதிந்திருந்தது, ஆனால் கண் குழலின் மேல்தளத்துக்கு மேலே நன்றாக ஏறி நின்றது.

ரைபிளில் பின்னால் ஒரு குறி, முன்னால் ஒரு குறி உண்டு. இந்தத் துப்பாக்கியில் குழல் நுனியில் குறி பார்க்க ஒரு சின்னப் பித்தளை மணி மட்டும்தான். பின்குறி உங்கள் கண்ணேதான். கண் கொஞ்சம் ஏறினாலே தோட்டா அதைவிடப் பல மடங்கு ஏறும். கண்ணிலிருந்து மணிக்குச் சுமார் 90 செ.மீ. இருக்கும். கண் 5 மி.மீ. உயர்ந்தால் 20 மீட்டரில் 11 செ.மீ. மேலே போகும், ஏறக்குறைய அரைச்சாண். சாதாரண மரக்கட்டையின் முதுகு குழல் மட்டத்திலிருந்து முன்பக்கம் ஒன்றரை அங்குலமும் பின்பக்கம் இரண்டரை அங்குலமும் சரிந்து இருப்பது அழகுக்கு அல்ல, கண்ணை மணிக்கு நேரே இறக்குவதற்கு. எம்-4 வகைக் கட்டை உயரமான குறி வைத்த ரைபிளுக்காக நேர்கோட்டில் செய்தது. அதை வெறும் மணி மட்டும் உள்ள துப்பாக்கிக்கு நேர்கோட்டு அடாப்டரில் மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஆகையால் அடாப்டரில் கட்டைக்குழாய், அதாவது கட்டை ஏறி நகரும் குழாய், போகும் துளை குழல் கோட்டை விடக் கீழே இறங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கம் உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். நேர்கோட்டு அடாப்டர்தான் கிடைக்கிறது என்றால் மேலே உயரமான குறி வைக்க வேண்டிவரும், செலவும் எடையும் கூடும். அந்தக் காவலருக்கு நான் என் செலவில் பழைய மரக்கட்டையைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன், ஒரு அங்குலம் அறுத்து. இன்று வரைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்.

நான்காவதாகக் கட்டைக்குழாய். கட்டை நீள்வதும் சுருங்குவதும் இதன் மேல்தான். இதில் இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு. ராணுவ அளவு என்று சொல்வது வெளிவிட்டம் சுமார் 29.2 மி.மீ., கமர்சியல் அளவு சுமார் 29.7. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பெரிய கட்டையைச் சின்னக் குழாயில் போட்டால் லொடலொட என்று ஆடும், கன்னத்தில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படும். சின்னக் கட்டை பெரிய குழாயில் ஏறவே ஏறாது. அடாப்டரோடு வருகிற குழாய் எந்த அளவு என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு அப்புறம் கட்டை வாங்குங்கள். வாங்கின கட்டையை வண்டியில் போகும்போது முழுக்கச் சுருக்கி வைக்கலாம், ஆனால் அந்த நிலையில் சுடப் பழகாதீர்கள். நீளம் குறைந்தால் கட்டைவிரல் மூக்குக்கு வந்துவிடும், 12 போரின் உதையில் உங்கள் கட்டைவிரலே மூக்கை உடைக்கும். தோளில் வைத்த நிலையில் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். அது எந்தப் படியில் வருகிறதோ அந்தப் படிக்கு நேரே குழாயில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், இருட்டிலும் இழுத்து நிறுத்தலாம்.

பொருத்தும் வேலையை நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், உங்கள் துப்பாக்கி யார் கையில் போனாலும் இதை எதிர்பாருங்கள். ரப்பர் பேடின் இரண்டு திருகுகளும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் தண்டில் கொஞ்சம் வாசலின் தடவி நுழைத்தால் ரப்பர் கிழியாமல் வழிவிடும். வாசலின் தடவாத ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிழிந்த பேடுகள் என் மேசையில் ஒரு டப்பா இருக்கின்றன. பேடை எடுத்தால் உள்ளே ஆழத்தில் போல்ட் தலை தெரியும். அதைக் கழற்றி, அடாப்டரை வைத்து, பின்முகத்தில் சுற்றிலும் ஒரு தாள் கூட நுழையாமல் உட்காருகிறதா என்று பார்த்து, கையால் முடிந்த வரை போல்ட்டை ஓட்டிவிட்டு, கடைசியில்தான் சாவியால் இறுக்குவேன். இறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து அடாப்டர் மேல் வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரே கோடு. 25 ரவுண்டு சுட்டபிறகு பாருங்கள், கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் தளர்கிறது என்று அர்த்தம். உடனே கொண்டுவர வேண்டும்.

ஸ்லிங் மாட்ட வளையம் உள்ள அடாப்டராகப் பாருங்கள். வண்டியிலிருந்து ஏறி இறங்குகிற வேலையில் அது மிகவும் உதவும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வண்டிக்குள் திருப்ப முடியவில்லை என்று யாராவது குழலைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது ஆயுதச் சட்டத்தில் தனிக் குற்றம். உட்பக்கம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள துப்பாக்கி நம் ஊர் விதிகளில் வேறு வகைக்குள் போய்விடுகிறது, உங்கள் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. யூடியூபில் 18 அங்குலக் குழலை வைத்துக் காட்டுகிறவர்கள் அவர்கள் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்.

கேள்வி: அண்ணா, சூரமங்கலம் பக்கம் தெரிந்த லேத்காரர் ஒருவர், அளவு கொடுத்தால் அடாப்டரைக் கடைந்து தருகிறேன் என்கிறார். வெளிநாட்டில் ஆர்டர் செய்து தபாலில் வரவழைக்கவும் ஒரு நண்பர் வழி சொல்கிறார். எது நல்லது?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: இரண்டுமே வேண்டாம். சேலத்து லேத் வேலையின் நேர்த்தி எனக்குத் தெரியும், அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பதும் மாற்றுவதும் பழுது பார்ப்பதும் 5-ஆம் பிரிவின்படி குற்றம். நல்ல மனிதர் ஒருவர் உங்களுக்கு உதவப் போய் வழக்கில் நிற்க வேண்டிவரும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். கஸ்டம்ஸில் பார்சலைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது துப்பாக்கிச் சாமான், நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும். லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் போய், துப்பாக்கியையும் லைசென்ஸ் புத்தகத்தையும் காட்டி, எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு வேலையைக் கொடுங்கள். தாமதமாகும். ஆகட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம். அப்பா காலத்து லைசென்ஸை முறைப்படி என் பெயருக்கு மாற்றி, பம்ப் துப்பாக்கி வைத்திருக்கிறேன். கடந்த மக்களவைத் தேர்தலின்போது ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியதிலிருந்து கட்டையின் கழுத்தில் ஒரு விரிசல். மரத்தை விட்டுவிட்டு அடாப்டரும் பைபர் கட்டையும் போட்டுவிடலாமா? காட்டுப்பன்றித் தொல்லை வேறு அதிகம்.
— ஏற்காடு வாசகர்

பதில்: தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைப்பது பலருக்கும் வருவதுதான். கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கட்டையின் நிலையை ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். என்னுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒருமுறை அப்படி ஒரு இடத்தில் வைத்துத் திரும்பி வந்தபோது ட்ரிகர் கார்டு முழுக்கத் துரு. போட்டோ இல்லாததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

ஆனால் உங்கள் விரிசலுக்கு அங்கே வைத்தது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் கழுத்துப் பக்க மரம் கறுத்துப் போயிருக்கிறது. அது எண்ணெய். மலை ஈரத்துக்குப் பயந்து ஏற்காட்டுக்காரர்கள் தாராளமாக எண்ணெய் விடுவார்கள், அதில் தவறில்லை. விட்டபிறகு துப்பாக்கியைக் குழல் மேலே இருக்கும்படி மூலையில் சாத்தி வைக்கிறார்கள். வருடக்கணக்கில் எண்ணெய் மெதுவாக இறங்கி, உடல் பகுதியைத் தாண்டி, கட்டையின் கழுத்தில் ஊறுகிறது. எண்ணெய் ஊறிய மரம் பஞ்சு மாதிரி மென்மையாகிவிடும், உதையைத் தாங்காது. 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் சேர்ந்தால் மரம் உப்பிச் சுருங்கி, போல்ட்டும் தளர்ந்துவிடும். தளர்ந்த கட்டையோடு நாலு தோட்டா சுட்டாலே போதும், விரிசல் தானாக விழும்.

அக்ரூட் மரம் இது. சரிசெய்ய முடியும் என்றால் சரிசெய்வதைத்தான் நான் சொல்வேன். கட்டையைக் கழற்றி, கறுத்த இடத்தில் சாக் பவுடரைக் குழைத்துப் பூசி வெயிலில் வைக்க வேண்டும். பவுடர் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது, கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் என் மொட்டை மாடியில் ஒருவாரம் வைத்தால் பவுடர் வெள்ளையாகவே நிற்கும். அன்றைக்குத்தான் பசை பிடிக்கும். விரிசலைக் கொஞ்சம் திறந்து அரால்டைட்டை உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி ஒருநாள் விட வேண்டும். கிளாம்ப் போட்டால் கழுத்தின் வளைவில் நழுவும், டியூப் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் நாலைந்து கை. இனிமேல் துப்பாக்கியைப் படுக்க வைத்தோ குழல் கீழாகவோ வையுங்கள்.

கழுத்து முழுக்க மென்மையாகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் பதிகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் உங்களுக்கு அடாப்டர் தேவையில்லை, அதே மாடலுக்கான பைபர் கட்டை நேராக உட்காரும். தோட்டத்துக்கு இழுத்து நீட்டும் கட்டை எதற்கு?

காட்டுப்பன்றி விஷயத்தில் நான் எழுதுவதைக் கோபிக்காமல் படியுங்கள். பறித்து வைக்கப்போகிற காபிப் பழத்தையும் கிழங்கையும் ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிட்டுப் போவதை நானும் பார்த்திருக்கிறேன், அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் அது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களின் வேலை, தோட்டக்காரருடையது அல்ல. வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சேதத்தைப் போட்டோ எடுத்து இழப்பீட்டுக்குப் போடுங்கள். காட்டுமாட்டின் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே திருப்பாதீர்கள், வெறும் சத்தத்துக்குக் கூட. காயம்பட்டால் அது அடுத்து எதிரே வருகிற தோட்டத் தொழிலாளியைக் குத்தும்.

கேள்வி: எம்-4 கட்டை எல்லாம் எதற்கு, வெறும் பிஸ்டல் பிடி மட்டும் போட்டுவிட்டால் துப்பாக்கி சின்னதாகிவிடுமே?
— வாழப்பாடி வாசகர்

பதில்: ஆகும். தோளில் வைக்க முடியாது, கன்னம் படாது, குறி பார்க்க முடியாது. 12 போரின் முழு உதையும் மணிக்கட்டுக்கும் பெருவிரல் மூட்டுக்கும் போகும். 12 போர் என்றால் குழல் விட்டத்துக்குச் சரியாக வார்த்த 12 ஈயக்குண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்று பொருள், விட்டம் சுமார் 18.5 மி.மீ. இருக்கும். அவ்வளவு அகலமான குழலில் ஈயத்தைத் தள்ளும் துப்பாக்கி அது. ஆள் நடமாடுகிற இடத்தில் காவல் காக்கிறவர் குறி பார்க்காமல் சுடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என்னிடம் வந்தால் போட மாட்டேன்.

கேள்வி: தாத்தா, நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். இப்போது அப்பா கூட்டிப்போய் கிளப்பில் பழக்குகிறார், கிளப்புக்குச் சொந்தமான 12 போர் பம்ப் துப்பாக்கியில். 5 அடி உயரம். பத்து ரவுண்டுக்குள் தோள் நீலமாகிவிடுகிறது, கன்னமும் வலிக்கிறது. இடதுகைக்காரி வேறு. துப்பாக்கி என்னுடையது இல்லாததால் எதையும் மாற்ற முடியாது. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
— அஸ்தம்பட்டி வாசகி

பதில்: விட்டுவிடாதே கண்ணு. நீ எழுதியிருக்கிறதைப் படித்தால் உன் தோளில் குறை இல்லை, கட்டை உனக்கு ஒன்றரை அங்குலமாவது நீளம். நீளமான கட்டையைத் தோள்குழியில் வைக்க முடியாமல் தோளின் விளிம்பில், கை ஆரம்பிக்கிற இடத்தில் வைக்கிறாய். அங்கே சதை கிடையாது, அதனால்தான் நீலமாகிறது. கன்னம் வலிப்பதற்கும் அதுதான் காரணம், எட்டாத கட்டைக்குக் கழுத்தை நீட்டுகிறாய், உதையில் கட்டை பின்னால் வரும்போது கன்ன எலும்பில் அடிக்கிறது.

நம் ஊர்க் கட்டைகள் வலதுகைக்காரருக்காக லேசாக வெளிப்பக்கம் வளைத்துச் செதுக்கியிருப்பதும் உண்டு. அது உனக்கு நேர் எதிராக, கன்னத்துக்குள் வரும். இதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்டு எதையும் கழற்ற வேண்டாம். கிளப்பில் சின்னப் பிள்ளைகள் பழக வைத்திருக்கும் குட்டைக் கட்டை ஏதாவது இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேள். தகடு போட்டு நீளம் மாற்றுகிற கட்டையாக இருந்தால் தகடுகளை எடுத்துத் தரச் சொல். 12.5 அங்குலம் வரைக்கும் குறையும் கட்டைகள் இருக்கின்றன. தோட்டாவிலும் 70 மி.மீ.க்குப் பதில் 65 மி.மீ. கேட்டு வாங்கு, நம் நாட்டுத் தோட்டாக்களில் இரண்டு நீளமும் வருகிறது, சின்னதில் பொதுவாக உதை குறைவு. குழலில் எழுதியிருக்கிற அறை நீளத்தைப் பயிற்சியாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள், சின்னத் தோட்டா பெரிய அறையில் போகலாம், பெரியது சின்ன அறையில் கூடவே கூடாது.

வீட்டில் தினமும் ஒரு பயிற்சி. கிளப்புத் துப்பாக்கி வேண்டாம், உனக்கு ஏற்றபடி குறைத்த நீளத்துக்கு அப்பாவிடம் சொல்லி மரச்சட்டத்தில் ஒன்று செய்துகொள், நுனியில் ஒரு மணி ஒட்டிக்கொள். கண்ணை மூடி அதைத் தோளில் வை. கன்னம் பதிந்தபிறகு கண்ணைத் திற. மணி நேராகத் தெரிய வேண்டும். பத்து முறையில் எட்டு முறை தெரிந்தால் உன் நீளம் கிடைத்துவிட்டது. அந்த நீளத்தை டேப்பால் அளந்து எனக்கு எழுது. பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப் போட்டிக்கு நீ சொந்தமாகத் துப்பாக்கி வாங்குகிற நாளில் கட்டையை அந்த அளவுக்கு நானே பார்த்துத் தருகிறேன்.